வியர்வைக்குத் தாங்கும் சன்ஸ்கிரீனை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஓடுபவர்களும் சைக்கிள் மிதிப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதிக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். திருவான்மியூரில் ஐந்து மணிக்குக் கிளம்பி மாமல்லபுரம் போய், டிபன் முடித்துத் திரும்புவதற்குள் ஒன்பதரை, பத்து ஆகிவிடும். போகும்போது இருட்டும் கடல்காற்றும். திரும்பும்போது வெயில். வடக்கு நோக்கி வருவதால் சூரியன் கடல் பக்கமாக, வலப்புறத்தில் நிற்கும். எங்களில் பலருக்கு வலது முன்கை இடது கையைவிட ஒரு படி கருத்திருப்பது அதனால்தான். புதிதாகச் சேருகிறவர்கள் சைக்கிளுக்கு அடுத்தபடியாகக் கேட்பது சன்ஸ்கிரீன் பற்றித்தான். அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஓடுபவர்களுக்கும், கிரிக்கெட் ஆடுபவர்களுக்கும், மலையேறுபவர்களுக்கும் இதே பதில்கள் பொருந்தும்.

"ஸ்வெட் ப்ரூஃப்" என்று போட்டிருப்பதை வாங்கினால் போதுமா?

போதாது. வியர்வையில் கொஞ்சமும் போகாத சன்ஸ்கிரீன் என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011இல் கொண்டுவந்த விதிகளில் "வாட்டர் ப்ரூஃப்", "ஸ்வெட் ப்ரூஃப்", "சன் பிளாக்" ஆகிய மூன்று சொற்களையும் டியூபில் போடக் கூடாது என்று தடுத்துவிட்டது. "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று மட்டும் போடலாம். கூடவே 40 நிமிடமா, 80 நிமிடமா என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த நிமிடக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சன்ஸ்கிரீன் பூசியவர்களை ஓடும் நீருள்ள தொட்டியில் 20 நிமிடம் இருக்க வைப்பார்கள். வெளியே வந்து காய வேண்டும், மறுபடி 20 நிமிடம். இரண்டு முறை செய்தால் 40, நான்கு முறை செய்தால் 80. அதன் பிறகு தோலில் மிச்சமிருக்கும் பாதுகாப்பை அளந்துதான் எஸ்.பி.எஃப். எண்ணை, அதாவது வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்ணைப் போடுகிறார்கள். ஐரோப்பிய முறை வேறு. அங்கே நீரில் இருந்து வந்த பிறகு பாதிப் பாதுகாப்பு மிஞ்சினாலே "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

நம் ஊர்க் கடைகளில் நிமிடமே குறிப்பிடாமல் வெறும் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று போட்ட டியூப்கள் நிறைய உண்டு. வெயிலில் ஆடி ஓடுபவர் என்றால் 80 நிமிடம் என்று தெளிவாக எழுதியிருப்பதைப் பாருங்கள்.

தண்ணீரில் சோதித்தது வியர்வைக்கும் சரியாக வருமா?

ஓரளவுக்குத்தான். தொட்டி நீர் பூச்சின் மேலே படுகிறது. வியர்வை பூச்சின் அடியிலிருந்து, தோலின் துளை வழியாக வருகிறது. மேலே ஒரு படலமாகப் படிந்திருக்கும் சன்ஸ்கிரீனை அது கீழிருந்து தள்ளி, அங்கங்கே விலக்கி, திட்டுத்திட்டாக ஆக்கிவிடுகிறது. அப்புறம் வழிந்து ஓடும்போது கொஞ்சத்தை இழுத்துக்கொண்டும் போகிறது. நெற்றியில் பூசியது புருவத்தில் சேர்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள்.

இதைவிட மோசம் துண்டு. சிக்னலில் நிற்கும்போது முகத்தை அழுத்தித் துடைத்தால் வியர்வையோடு பூச்சும் வந்துவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும். துடைக்காமல் ஒற்றி எடுங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ள இரண்டு கோடை ஆயிற்று.

எஸ்.பி.எஃப். 30 போதுமா, 50 வேண்டுமா?

ஆய்வுக்கூடத்தில் முறையாகப் பூசினால் 30 என்பது தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. 50 சுமார் 98 சதவீதத்தை. காகிதத்தில் வித்தியாசம் ஒரே ஒரு சதவீதம்தான். இருந்தாலும் வெளியில் விளையாடுகிறவர்களுக்கு 50 என்றுதான் சொல்வேன். காரணம், நாம் யாரும் சோதனையில் பூசும் அளவுக்குப் பூசுவதில்லை. பாதி அளவு பூசினால் 50 என்பது 25 ஆகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். 30இல் தொடங்கினால் இறங்கி நிற்கும் இடம் இன்னும் கீழே.

பி.ஏ. என்று போட்டுக் கூட்டல் குறிகள் இருக்கிறதே, அது என்ன?

எஸ்.பி.எஃப். எண் யூ.வி.பி.யைப் பற்றியது. தோலுக்குள் ஆழமாகப் போய்க் கருமையையும் சுருக்கத்தையும் கொண்டுவரும் யூ.வி.ஏ. கதிர்களுக்கான அளவு இந்தக் கூட்டல் குறி. ஜப்பானில் தொடங்கிய முறை. மூன்று கூட்டல் நல்லது, நான்கு கூட்டல் உச்சம். சில வெளிநாட்டு டியூப்களில் இதற்குப் பதிலாக ஒரு வட்டத்துக்குள் யூ.வி.ஏ. என்று எழுதியிருக்கும்; எஸ்.பி.எஃப். எண்ணில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு யூ.வி.ஏ. பாதுகாப்பு உண்டு என்று அதற்குப் பொருள். இரண்டும் இல்லாமல் எஸ்.பி.எஃப். எண் மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் வேறு டியூபைப் பாருங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கருத்துப்போவதற்குப் பெரிய காரணம் யூ.வி.ஏ.தான்.

எவ்வளவு பூச வேண்டும்?

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். சோதனையில் பூசும் அளவு ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம். நாம் வீட்டில் பூசுவது பெரும்பாலும் அதில் பாதி, சில சமயம் கால்வாசி.

முகத்துக்கு ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடி முதல் நுனி வரை ஒரு கோடு இழுத்தால் வருமே, அவ்வளவு வேண்டும். கழுத்து, பிடரி, காதுமடல் மூன்றுக்கும் சேர்த்து இன்னொரு முறை அதே அளவு. அரைக்கை பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டு ஓடும் ஒருவருக்கு முன்கைகள், முழங்காலுக்குக் கீழே எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு ஏறக்குறைய 10 கிராம் ஆகும். கடையில் கிடைக்கும் 50 கிராம் டியூப் ஐந்து தடவையில் தீர்ந்துவிடும்! ஒரே டியூபை நான்கு மாதம் வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், அவர் சன்ஸ்கிரீனை வாசனைக்குப் பூசுகிறார் என்றுதான் அர்த்தம்.

அதனால் கடையில் நிற்கும்போது டியூபின் விலையைப் பார்க்காதீர்கள். கிராமுக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். தாராளமாகப் பூசக் கை வரும் விலையில் இருப்பதுதான் உங்களுக்கான சன்ஸ்கிரீன். ஆயிரம் ரூபாய்ச் சரக்கைச் சிக்கனமாகத் தேய்ப்பதைவிட, நானூறு ரூபாய்ச் சரக்கை அளவாகப் பூசுவது பலமடங்கு நல்லது.

இவ்வளவு செலவு கட்டுப்படியாகாதே?

உண்மைதான், அதனால்தான் முதலில் துணியைச் சொல்கிறேன். முழுக்கைச் சட்டை, கைகளில் மாட்டும் ஆர்ம் ஸ்லீவ், கழுத்தை மூடும் துணி, விளிம்புள்ள தொப்பி. டெலிவரி வேலை பார்க்கும் தம்பிகள் போட்டிருக்கும் அதே ஸ்லீவ்தான். வியர்வையில் துணி வழிந்து போகாது, இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி மாட்ட வேண்டியதும் இல்லை. ஸ்லீவும் முழுநீளக் கால்சட்டையும் போட்டால் பூச வேண்டிய இடம் முகம், கழுத்து, புறங்கை என்று சுருங்கிவிடும். டியூப் மூன்று மடங்கு நாள் வரும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மெல்லிய வெள்ளைப் பருத்திப் பனியன் வெயிலை அவ்வளவாகத் தடுப்பதில்லை. வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டினால் இன்னும் குறைவு. நெருக்கமாக நெய்த, சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் விளையாட்டுத் துணி மேல். துணியைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் பொத்தல் பொத்தலாகத் தெரிந்தால் கதிரும் அப்படியே உள்ளே வரும்.

வியர்த்தால் கண் எரிகிறதே, என்ன செய்வது?

பாதிப் பேர் சன்ஸ்கிரீனைக் கைவிடுவது இந்த எரிச்சலால்தான். கோவளம் தாண்டி வரும்போது ஒருமுறை எனக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து எரிந்து, எதிரே வரும் பேருந்துகூடத் தெரியாத நிலை. ஓரமாக நிறுத்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் கண்ணில் ஊற்றிக் கழுவினேன். வண்டி ஓட்டும்போது இது விளையாட்டுச் சமாசாரம் இல்லை.

கதிரைத் தடுக்கச் சன்ஸ்கிரீனில் சேர்க்கும் அவோபென்சோன் போன்ற ரசாயன வடிகட்டிகள் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்குவதுதான் பெரும்பாலும் காரணம். அதற்கு நான் கண்ட வழி, கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ள கிரீமையோ ஸ்டிக்கையோ பயன்படுத்துவது. மெழுகுபோல இருக்கும் ஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் வழியாது. புருவத்துக்கு மேலே ஒரு விரல்கடை இடத்துக்கு வேறு எதையும் பூசுவதில்லை. அந்த இடத்தைத் தொப்பியோ ஹெல்மெட்டுக்கு அடியில் கட்டும் வியர்வைப் பட்டையோ பார்த்துக்கொள்ளும். பட்டையை ஒரு மணிக்கு ஒருமுறை கழற்றிப் பிழியுங்கள். ஊறிப்போன பட்டை, தேக்கி வைத்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கண்ணில் இறக்கிவிடும்.

மினரல், கெமிக்கல்: எது வியர்வைக்குத் தாங்கும்?

மினரல் என்றால் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு. கெமிக்கல் என்றால் அவோபென்சோன், ஆக்டோகிரிலீன், டினோசார்ப் போன்றவை. மினரல் கண்ணாடிபோல் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று பலர் எழுதுகிறார்கள்; உண்மையில் இரண்டுமே முக்கியமாகக் கதிரை உறிஞ்சித்தான் வேலை செய்கின்றன. வியர்வைக்குத் தாங்குவது வடிகட்டியைப் பொறுத்ததில்லை. அதைத் தோலில் பிடித்து வைக்கும் படலத்தைப் பொறுத்தது. அதனால் இந்தப் பட்டிமன்றத்தில் நேரம் செலவழிக்காமல் நிமிடக் கணக்கைப் பாருங்கள்.

மினரலில் நமக்குள்ள சங்கடம் முகத்தில் விழும் வெள்ளைப் படிவு. ஆலன் டொனால்ட், ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் போன்றவர்கள் உதட்டிலும் மூக்கிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டு ஆடியது ஞாபகம் இருக்கும், அது ஜிங்க்தான். மைதானத்தில் அது அழகு, அலுவலகம் போகிறவருக்குக் கஷ்டம். அப்படிப்பட்டவர்கள் நிறம் கலந்த மினரலை வாங்கலாம். அதில் சேர்க்கும் அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கிறது. முகத்தில் மங்கு உள்ளவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும், ஏனென்றால் மங்கு சாதாரண வெளிச்சத்திலும் கூடும்.

ஜெல், கிரீம், ஸ்பிரே, ஸ்டிக்: எதை வாங்குவது?

எண்ணெய்ப்பசைத் தோலும் முகப்பருவும் உள்ளவர்களுக்கு ஜெல் இதமாக இருக்கும். ஆனால் "மேட்", "டிரை டச்" என்று வரும் லேசான ஜெல்கள் எல்லாமே வியர்வைக்கு என்று செய்தவை அல்ல. அலுவலகத்துக்குச் சரி, பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சந்தேகம். உடம்புக்குக் கிரீம் அல்லது லோஷன், முகத்துக்கும் காதுக்கும் சட்டைப்பையில் ஒரு ஸ்டிக் என்பது என் வழக்கம். கடற்கரைக் காற்றில் ஸ்பிரே பாதி மணலுக்குப் போகும். மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. ஸ்பிரேதான் கையில் இருக்கிறது என்றால் உள்ளங்கையில் அடித்துத் தேயுங்கள்.

வாங்கியதும் வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். புறங்கையில் பூசி இருபது நிமிடம் விட்டு, குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். நீர் முத்து முத்தாக நின்று உருண்டால் படலம் பிடித்திருக்கிறது. பால்போல வெள்ளையாகக் கரைந்து ஓடினால் அதை வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது பூசுவது, எப்போது மறுபடி பூசுவது?

கிளம்புவதற்கு 15, 20 நிமிடம் முன்னால், உடம்பு வியர்க்காமல் இருக்கும்போது. ஓட்டத்துக்கு முன் வார்ம் அப் செய்து வியர்த்த பிறகு பூசினால் தோலில் பிடிக்கவே பிடிக்காது. அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கொட்டக் கொட்ட வியர்த்தால் டியூபில் போட்டிருக்கும் 40 அல்லது 80 நிமிடத்துக்கு ஒருமுறை. மறுபடி பூசும்போது நிழலில் நின்று, வியர்வையை ஒற்றி எடுத்து, இரண்டு நிமிடம் காற்றாட விட்டுப் பூசுங்கள். மாமல்லபுரத்தில் டிபன் சாப்பிடும் நேரம் எங்களுக்கு இதற்குத் தோதாக அமைகிறது. இட்லி வருவதற்குள் பூசி முடித்தால், பில் வருவதற்குள் படிந்துவிடும்.

மறக்கும் இடங்கள் காதுமடலின் மேல்விளிம்பு, பிடரி, முழங்காலின் பின்பக்கம், உதடு. உதட்டுக்கு எஸ்.பி.எஃப். உள்ள லிப் பாம் போதும்.

காலை ஐந்து மணிக்கு ஓடி ஆறரைக்கு வீடு திரும்புகிறேன். எனக்கும் வேண்டுமா?

வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம், புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் யூ.வி. குறியீடு 3ஐத் தொட்டால் பாதுகாப்பு தேவை என்கிறது. சென்னைக் கோடையில் அது காலை எட்டு மணி வாக்கில்தான் வரும். நடுப்பகலில் 11ஐத் தாண்டும். அதற்கு மேல் பட்டியலில் வகையே இல்லை. போனில் உள்ள வானிலைச் செயலியிலேயே இந்தக் குறியீடு இருக்கும்.

போன் இல்லையென்றால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் வெயில் கடுமையாகிவிட்டது என்று பொருள். கோடையில் அது காலை ஒன்பது மணி வாக்கில் நடக்கும். மாலை மூன்று மணி தாண்டினால்தான் நிழல் மறுபடி நீளும்.

இன்னொன்று. கத்திரி வெயிலில்தான் கவனம் தேவை என்று நினைக்கிறோம். ஆனால் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே விழாத நாள் ஆண்டில் இரண்டு: ஒன்று ஏப்ரல் கடைசியில், இன்னொன்று ஆகஸ்ட் நடுவில். ஆடி முடிந்து காற்று குளிர்ந்தது என்று நாம் சன்ஸ்கிரீனை எடுத்து வைக்கும் நேரம் அந்த இரண்டாவது நாள். மெல்லிய மேகம் சூட்டைக் குறைக்கும், கதிரை அவ்வளவு குறைக்காது.

ஊட்டி, கொடைக்கானலில் குளிர்தானே?

குளிர்தான், ஆனால் கதிர் அதிகம். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் யூ.வி. சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். அங்கே தோல் சுடுவதே தெரியாது. அறைக்குத் திரும்பிக் கண்ணாடி பார்க்கும்போதுதான் மூக்கு உரிந்திருப்பது தெரியும். வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் இரவில் ஏறுவதால் கவலை இல்லை என்பார்கள். இறங்குவது பகலில் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நான் கருப்பு. எனக்கு எதற்குச் சன்ஸ்கிரீன்?

கருமை ஒரு வரம். மெலனின் இயற்கையாகவே நம்மைக் காக்கிறது. வெளுத்த தோல்காரர்களுக்கு உள்ள தோல் புற்றுநோய் அபாயம் நமக்கு மிகவும் குறைவு. நிறம் மாறிவிடக் கூடாது என்பதற்காகச் சன்ஸ்கிரீன் போடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், அந்த விளம்பரங்கள் எனக்குப் பிடிக்காது. ஆனால் மங்கு, திட்டுத்திட்டான கருமை, வெயில் பட்டால் எரியும் தோல், முன்கூட்டியே வரும் சுருக்கம் எல்லாம் நமக்கும் வரும். மங்கு ஒருமுறை வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு. வாரத்துக்கு ஆறு மணி நேரம் வெயிலில் இருப்பவர் எந்த நிறமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் போதாதா?

போதாது. தோல் வறண்டுபோகாமல் இருக்க நல்லது. வெயிலைத் தடுக்க அல்ல. மஞ்சளும் கற்றாழையும் அப்படியே.

வைட்டமின் டி குறைந்துவிடுமா?

நாம் பூசும் அளவுக்கும் வியர்வையில் போகும் அளவுக்கும் அந்தக் கவலை வேண்டாம். குறைபாடு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். இருந்தால் மருத்துவர் மாத்திரை தருவார்.

கிரிக்கெட் கோச்சிங் போகும் பிள்ளைகளுக்கு?

போடலாம். வாசனையில்லாத மினரல் வகை பாதுகாப்பானது. பூசிவிட்டு அனுப்பினால் மட்டும் போதாது, இடைவேளையில் அவர்களே பூசிக்கொள்ளும்படி ஒரு ஸ்டிக்கைக் கிட் பையில் வையுங்கள். கூடவே அகல விளிம்புத் தொப்பி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும்தான். இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்லிவிடுகிறேன். சன்ஸ்கிரீன் கதிரைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. பிள்ளைக்குத் தலை சுற்றினாலோ வியர்ப்பது நின்றாலோ உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பைக் குளிரவையுங்கள்.

வண்டி டிக்கியில் வைத்திருக்கலாமா?

வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கி அடுப்புபோல் கொதிக்கும். அந்தச் சூட்டில் கிரீம் பிரிந்து, எண்ணெய் தனியாக நீர் தனியாக ஆகிவிடும். பிதுக்கும்போது முதலில் தண்ணீர்போல வந்தால் அந்த டியூபைத் தூக்கிப் போடுங்கள்.

வெள்ளைச் சட்டைக் காலரில் துருப்பிடித்த மாதிரிக் கறை. துவைத்தால் இன்னும் கூடுகிறதே?

இதை என்னிடம் முதலில் கேட்டது என் அம்மா. அழுக்கு என்று நினைத்து பிளீச்சில் ஊறவைத்தார். கறை ஆரஞ்சாக மாறி நிலைத்துவிட்டது. அவோபென்சோனும் தண்ணீரில் உள்ள இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர். வாளியின் அடியில் செம்பழுப்பாகப் படியும் அளவுக்கு இரும்பு. துவைக்கத் துவைக்கக் கறை கூடுவதற்கு அதுதான் காரணம். பிளீச் போட்டால் இன்னும் மோசமாகும்.

கறை புதிதாக இருக்கும்போதே எலுமிச்சைச் சாற்றைத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசுங்கள். துருக்கறைக்கு என்று கடையில் விற்கும் திரவமும் வேலை செய்யும். முதல் அலசலை முடிந்தால் மெட்ரோ வாட்டரிலோ ஆர்.ஓ. இயந்திரம் சுத்திகரித்துத் தரும் தண்ணீரிலோ செய்யுங்கள். அல்லது வெள்ளைச் சட்டை போடும் நாளில் அவோபென்சோன் இல்லாத டியூபை எடுங்கள். டியூபின் பின்னால் அந்தப் பெயரே இருக்காமல் "பியூட்டைல் மெத்தாக்சிடைபென்சாயில்மீத்தேன்" என்று நீளமாகவும் போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். அம்மாவின் யோசனை இன்னும் எளிது: ஞாயிற்றுக்கிழமைக்கு நீலச் சட்டை.